ரைபிள் உதைக்கிறதா? எங்கே வலிக்கிறது என்று முதலில் பாருங்கள்

கொலராடோவில் எல்க் மானுக்கான ரைபிள் பருவம் அக்டோபர் நடுவில் தொடங்கும். அதற்கு முந்தைய சில வாரங்களில் இங்குள்ள எந்தச் சுடுதளத்துக்குப் போனாலும் ஒரே காட்சிதான். வருடம் முழுக்க பீரோவில் கிடந்த .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா ரைபிளை ஒருவர் எடுத்து வந்திருப்பார். மேசைமேல் கவிழ்ந்து உட்கார்ந்து மூன்று தோட்டா சுடுவார். நான்காவதற்கு முன்னால் தோளைத் தேய்த்துக்கொள்வார். ஐந்தாவது இலக்கு அட்டையிலேயே படாது. "பல்லைக் கடிச்சுக்கோ, பழகிடும்" என்று பக்கத்து மேசையிலிருந்து ஒரு யோசனை வரும்.

பழகாது. உடம்பு பழகிக்கொள்வது வலியை அல்ல, வலி வரப்போகிறது என்ற பயத்தைத்தான். அந்தப் பயம் ஒட்டிக்கொண்டால் அதைக் கழற்ற மாதக்கணக்கில் ஆகும். சுடும்போது ரைபிள் பின்னால் வந்து மோதும் இந்த உதை ஒவ்வொருவருக்கும் வெவ்வேறு இடத்தில் தடம் விட்டுப்போகிறது: தோளில் நீலம், புருவத்தில் வெட்டு, நடுவிரலில் வீக்கம், அட்டையில் சிதறல். எந்தத் தடம் என்று தெரிந்தால் காரணத்தைப் பெரும்பாலும் அங்கேயே சொல்லிவிடலாம். அது தெரியாமல் கடைக்குப் போனால் தேவையில்லாத பொருளைத்தான் வாங்கி வருவீர்கள்.

இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி வேட்டை குற்றம். ஆகவே இது அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று சட்டப்படி உரிமம் எடுத்து வேட்டைக்குப் போகும் இடங்களில் இருப்பவர்களுக்கானது. கீழே சொல்லும் பயிற்சிகளில் சில வெறும் ரைபிளோடு செய்பவை. ரைபிளில் தோட்டா உட்காரும் அறையைத் திறந்து கண்ணால் பார்த்து, விரலால் தடவி, தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகே தொடங்குங்கள்.

முதலில் ஒரு கணக்கு

உதையை முடிவு செய்பவை மூன்று: குண்டின் எடையும் வேகமும், எரியும் வெடிமருந்தின் எடை, ரைபிளின் எடை. முதல் இரண்டும் முன்னால் போகும் உந்தத்தைத் தருகின்றன. அதே அளவு உந்தம் பின்னால் வருகிறது. அதை வாங்கிக்கொள்ளும் ரைபிள் எவ்வளவு கனமோ, அவ்வளவு மெதுவாக அது தோளுக்கு வந்து சேரும்.

ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து 3.6 கிலோ எடையுள்ள ரைபிள் என்று வைத்துக்கொண்டால், வழக்கமான வேட்டைத் தோட்டாக்களின் உதை ஏறக்குறைய இப்படி வரும்: .243 வின்செஸ்டர் 14 ஜூல், 6.5 கிரீட்மோர் 18, .308 வின்செஸ்டர் 23, .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் 30, .300 வின்செஸ்டர் மேக்னம் 44. ஆப்பிரிக்காவில் கேப் எருமைக்குக் கொண்டுபோகும் .375 ஹாலந்து அண்ட் ஹாலந்து, அதற்கே உரிய 4.1 கிலோ ரைபிளில் 54 ஜூல் அளவில் உதைக்கும். அதே எடையில் .458 வின்செஸ்டர் மேக்னம் 75 ஜூலைத் தாண்டும்.

இப்போது கடைகளில் நன்றாக விற்பது 'மலை ரைபிள்'. கார்பன் ஃபைபர் கட்டை (தோளில் வைத்துப் பிடிக்கும் பகுதி), மெல்லிய குழல், எல்லாம் சேர்த்து 3 கிலோ. இதில் .300 மேக்னத்தைப் போட்டால் உதை 53 ஜூல். அதாவது எருமை ரைபிளின் உதை. எருமை ரைபிள் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் பின்னால் வருகிறது, இது 6 மீட்டர் வேகத்தில் வருகிறது, ஆகவே இன்னும் சுருக்கென்று இருக்கும். "ஆப்பிரிக்கத் துப்பாக்கியெல்லாம் எனக்கு வேண்டாம்பா, எல்க் மானுக்கு ஒன்று போதும்" என்று வாங்கியவர் கையில் இருப்பது இதுதான். எடையைக் குறைத்ததைப் பெருமையாக விளம்பரப்படுத்தும் கம்பெனிகள் இந்தக் கணக்கைப் பக்கத்தில் அச்சடிப்பதில்லை.

உங்கள் ரைபிள் இந்த வரிசையில் எங்கே நிற்கிறது என்று தெரிந்துகொண்டு கீழே வாருங்கள். 20 ஜூலுக்குக் கீழே இருந்தும் வலித்தால் ரைபிள் உங்கள் உடம்புக்குப் பொருந்தவில்லை, அல்லது பிடி தவறு. கூடுதல் கருவி எதுவும் தேவைப்படாது.

அறிகுறி: குண்டு ஒழுங்கில்லாமல் சிதறுகிறது, பெரும்பாலும் கீழே

இதுதான் அதிகம் பேருக்கு இருப்பது. தங்களுக்கு இருக்கிறது என்று ஒப்புக்கொள்பவர்கள் மிகக் குறைவு. சுடுதளத்தில் ஃப்ளிஞ்ச் என்பார்கள். விசையை இழுக்கும் நொடியில் தோள் முன்னால் தள்ளும், கண் மூடும், கை இறுகும். ரைபிள் கொஞ்சம் தலைகுனியும். அதற்குள் குண்டு போய்விட்டிருக்கும்.

உதைத்ததால் உடம்பு அப்படித் துள்ளியது என்று பலர் நினைக்கிறார்கள். கால வரிசை அப்படி இல்லை. மருந்து பற்றியதிலிருந்து குண்டு குழலை விட்டு வெளியேறுவதற்கு ஏறக்குறைய ஒரு மில்லிசெகண்ட்தான் ஆகிறது. மனித உடம்பு எதற்காவது எதிர்வினை காட்ட 150 மில்லிசெகண்டாவது வேண்டும். ஆகவே அட்டையில் குண்டை இடம்மாற்றுவது நடந்த உதை அல்ல, நடக்கப்போகும் உதை.

சோதனை சுலபம். வெற்றுத் தோட்டா, அதாவது மருந்தும் கேப்பும் இல்லாத டம்மி, சிலவற்றை வாங்குங்கள். நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் நிஜத் தோட்டாவையும் டம்மியையும் மாற்றி மாற்றி அறையில் போட்டுக் கொடுக்கட்டும். டம்மி விழும்போது 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் கேட்க வேண்டும், ஸ்கோப்பின் குறுக்குக் கோடு அசையக் கூடாது. உங்களுக்கு ஃப்ளிஞ்ச் இருந்தால் குழல் முனை ஒரு முழுக் குலுக்கல் போடும். பக்கத்தில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், விடுங்கள். இன்னொரு வழி, சுடும் கோட்டுக்குப் பின்னால் ஓரமாக ஒரு போனை வைத்து உங்கள் முகத்தை ஸ்லோமோஷனில் எடுப்பது. வெடிக்கும் முன்பே கண் மூடியிருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

இதற்கு வைத்தியம் காதில் தொடங்குகிறது. வேட்டை ரைபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபல் அளவைத் தொடும். 140-க்கு மேல் ஒரே ஒரு வெடிகூட நிரந்தரமாகக் காதைக் கெடுக்கலாம். உடம்பு சுருங்குவதற்குப் பாதிக் காரணம் இந்தச் சத்தமும் முகத்தில் அடிக்கும் காற்றும்தான். தோளுக்கு வந்த அடி என்று மனம் அதையும் சேர்த்துக் கணக்கெழுதிவிடுகிறது. காதுக்குள் நுரை அடைப்பான், அதற்குமேல் இயர்மஃப், இரண்டையும் சேர்த்துப் போடுங்கள். இரண்டு போட்டால் பாதுகாப்பு இரட்டிப்பாகாது, இரண்டில் நல்லதைவிட 5 டெசிபல் சுற்றித்தான் கூடும். ஆனாலும் அந்த 5 டெசிபலில் பெரிய ரைபிள் சட்டென்று சின்ன ரைபிளாகத் தோன்றும். தகரக் கூரை போட்ட தளமாக இருந்தால், முடிந்தால் கூரை இல்லாத ஓரத்துக்கு மாறுங்கள்.

இரண்டாவது, பெரிய ரைபிளைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். .22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டா ரைபிள் ஒன்றை எடுங்கள். முடிந்தால் கட்டையும் விசையும் உங்கள் பெரிய ரைபிளைப் போலவே இருக்கட்டும். விசையை மெதுவாக, எந்த நொடியில் வெடிக்கும் என்று தெரியாத வகையில் அழுத்தப் பழகுவதற்கு இதைவிட மலிவான ஆசான் கிடையாது. வீட்டில் வெறும் ரைபிளில் தினமும் பத்து நிமிடம் விசை அழுத்திப் பார்ப்பதும் அதே வேலையைச் செய்யும். சுவரில் ஒரு புள்ளி, 'டிக்' கேட்டபின்னும் குறுக்குக் கோடு அதே புள்ளியில் இருக்கிறதா, அவ்வளவுதான்.

பெரிய ரைபிளுக்குத் திரும்பும்போது வரிசை முக்கியம். .22-இல் தொடங்குங்கள், பெரியதில் ஐந்தாறு போடுங்கள், மறுபடி .22-இல் முடியுங்கள். கடைசியாகச் சுட்டது மென்மையானதாக இருந்தால் உடம்பு அந்த நினைவோடு வீட்டுக்குப் போகும். ஒரே உட்காரலில் ஒரு பெட்டி மேக்னம் தோட்டாவைக் காலி செய்வது பயிற்சி இல்லை. நாமே நமக்கு ஃப்ளிஞ்ச் கற்றுக்கொடுக்கும் வகுப்பு அது.

காட்டில் விலங்கு முன்னால் நிற்கும்போது உதையும் தெரிவதில்லை, சத்தமும் தெரிவதில்லை. வேட்டைக்குப் போன யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதை நம்பி "அங்கே சரியாகிவிடும்" என்று விடாதீர்கள். உதை தெரியாமல் போகும், பழக்கம் போகாது. சுடுதளத்தில் விசையைச் சுண்டியவர் மலையிலும் சுண்டுவார். அங்கே விலை அட்டை அல்ல, வயிற்றில் குண்டோடு ஓடிப்போன ஒரு மான்.

அறிகுறி: தோளில் நீலம்

நீலம் எந்த இடத்தில் என்று கண்ணாடியில் பாருங்கள்.

புஜத்தின் மேல், கைச்சதையில் இருந்தால் கட்டை ரொம்ப வெளியே உட்கார்ந்திருக்கிறது. இலக்குக்குப் பக்கவாட்டில் திரும்பி நிற்பவர்களுக்கு இது வரும். மார்பைக் கொஞ்சம் இலக்கை நோக்கித் திருப்புங்கள், விசை இழுக்கும் கையின் முழங்கையைச் சற்று உயர்த்துங்கள். தோளுக்கும் மார்புக்கும் இடையே ஒரு குழி விழும். கட்டை உட்கார வேண்டிய இடம் அதுதான். நீலம் காறை எலும்பின்மேல் என்றால் கட்டை உள்ளே அல்லது மேலே ஏறிவிட்டது. எலும்பின்மேல் அடிவாங்குவது சதையில் வாங்குவதைவிட மோசம், அன்றைக்கு அதோடு நிறுத்திவிடுங்கள்.

சரியான குழியிலேயே, ஆனால் அகலமாகக் கன்றிப்போயிருந்தால் பிடி தளர்வு. பயந்தவர்கள் ரைபிளைத் தோளிலிருந்து அரை விரற்கடை தள்ளிப் பிடிப்பார்கள், வலிக்காமல் இருக்கட்டும் என்று. நடப்பது நேர்மாறு. அந்த இடைவெளியில் ரைபிள் தனியாக ஓடிவந்து மோதும். இறுக்கித் தோளோடு சேர்த்துப் பிடித்தால் ரைபிளும் உங்கள் மேலுடம்பும் ஒரே எடையாகப் பின்னால் நகரும். இறுக்கம் என்றால் நடுங்குகிற இறுக்கம் இல்லை, நல்ல கைகுலுக்கல் அளவு போதும்.

கீழ் மூலையில் மட்டும் சின்னதாக, ஆழமாக ஒரு தடம் என்றால் கட்டையின் கீழ்நுனி மட்டுமே தோளில் பட்டிருக்கிறது. படுத்துச் சுடும்போதும் மேசையில் குனிந்து சுடும்போதும் இது வரும்.

அடுத்து பேட். கட்டையின் முனையிலுள்ள ரப்பரைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போக மறுத்தால் அது பேட் இல்லை, அலங்காரம். ரப்பர் வயதாகிக் கெட்டிப்படும், சிலது பிசுபிசுத்துப் போகும். பேக்மேயர் டிசெலரேட்டர், லிம்ப்சேவர் போன்ற நல்ல பேட் ஒன்றை ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் கொடுத்து மாட்டச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் சொல்லும் செலவுகளில் மிகப் பயனுள்ளது இதுதான் என்பது என் எண்ணம்.

பழைய ஆட்கள் இந்த வசதி இல்லாமல்தான் சமாளித்தார்கள். பெங்களூரில் வாழ்ந்த வேட்டைக்காரர் கென்னத் ஆண்டர்சன் சேலம், தருமபுரிப் பக்கத்துக் காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடிப்போனபோது கையில் வைத்திருந்தது வின்செஸ்டர் 1895 மாடல் .405. தியோடர் ரூஸ்வெல்ட் 1909-இல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனதும் அதே வகை. அந்த மாடலில் பல ரைபிள்கள் பிறை வடிவ இரும்புத் தட்டோடு விற்கப்பட்டன. பிறையின் இரண்டு நுனியும் தோளில் குத்தும், நடுவில் பள்ளம். அதைத் தாங்கினார்கள் என்பதற்காக நாமும் தாங்க வேண்டும் என்று இல்லை.

கட்டையின் நீளத்தையும் பாருங்கள். அமெரிக்கக் கம்பெனிகள் விசையிலிருந்து பேட் வரை 34 முதல் 35 சென்டிமீட்டர் வைத்துத்தான் பெரும்பாலும் செய்கிறார்கள். நம்மவர்களில் பலருக்கும், பெண்களுக்கும் இது கொஞ்சம் நீளம். நீளமான கட்டையை எட்டிப்பிடிக்க உடம்பு பின்னால் சாயும், கட்டை புஜத்துக்கு வழுக்கும். ரொம்பக் குட்டையானாலும் வம்புதான். தோளில் வைத்துப் பிடிக்கும்போது கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் சரி. இந்த அளவை டி-சர்ட்டில் பார்க்காதீர்கள். வேட்டைக்குப் போடப்போகும் கோட்டைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

அறிகுறி: கன்னத்தில் அறை

தோள் தேவலை, கன்ன எலும்புதான் விண்விண் என்கிறது என்பவர்களுக்கு இரண்டு காரணம் சொல்லலாம்.

ஒன்று, கட்டையின் சாய்வு. பழைய பாணிக் கட்டைகள் குழலின் கோட்டிலிருந்து நன்றாகக் கீழே இறங்கும். உதை வரும்போது ரைபிள் நேராகப் பின்னால் வராமல் மேல்நோக்கிச் சுழலும், கட்டையின் முதுகு கன்னத்தில் இடிக்கும். நேர்க்கட்டையில் இது குறைவு. வெதர்பி கம்பெனிக் கட்டைகளில் கன்னம் வைக்கும் பகுதி முன்னோக்கிச் சரிந்திருப்பது அழகுக்காக இல்லை. ரைபிள் பின்னால் வரும்போது அந்தச் சரிவு கன்னத்தை விட்டு விலகும்.

இரண்டாவது, பொருத்தம். இரும்புக் குறிக்காகச் செய்த ரைபிளில் பின்னால் ஸ்கோப் ஏற்றியிருந்தால் கண் உயர வேண்டியிருக்கும். கன்னம் கட்டையை விட்டு எழும்பி அந்தரத்தில் நிற்கும். தோளைப் போலத்தான் இங்கேயும், இடைவெளி விட்டால் அடி. கட்டையில் கட்டும் கன்னப்பட்டை ஒன்று வாங்கி உயரத்தைச் சரிசெய்து, கன்னத்தை நன்றாக அழுத்தி வையுங்கள்.

அறிகுறி: புருவத்தில் வெட்டு

ஸ்கோப்பின் வளையம் நெற்றியில் பிறை போல ஒரு வெட்டு போட்டிருக்கும். ரத்தம் நிறைய வரும், பார்க்கப் பயமாக இருக்கும். சுத்தத் துணியால் அழுத்திப் பிடியுங்கள், வெட்டின் வாய் பிளந்திருந்தால் தையல் வேண்டியிருக்கும்.

சாதாரண வேட்டை ஸ்கோப்பில் கண்ணுக்கும் கண்ணாடிக்கும் 9 முதல் 10 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். நின்று பார்க்கும்போது இது சரியாக இருக்கும். படுத்தால் தலை தானாக முன்னால் போகும், மேட்டை நோக்கிச் சுட்டால் இன்னும் போகும். மலையில் புருவம் கிழிபட்டவர்களில் பெரும்பாலானோர் இப்படி மேல்நோக்கிச் சுட்டவர்கள்தான். ஆகவே ஸ்கோப்பைப் படுத்த நிலையில் பொருத்திப் பாருங்கள், பெரிதாக்கும் அளவை உச்சத்தில் வைத்துப் பாருங்கள். பல ஸ்கோப்புகளில் உச்சத்தில் கண் இடைவெளி குறையும். முழு வட்டமும் தெரிகிற இடத்தில் எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளி மாட்டுங்கள். .375-க்கு மேலே போகிறவர்கள் ஸ்கோப் வாங்கும்போது கண் இடைவெளியைத்தான் முதலில் கேட்க வேண்டும், கண்ணாடியின் தெளிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அறிகுறி: விரலிலும் கையிலும் அடி

நடுவிரலின் மேல்பக்கம் வீங்கியிருந்தால் விசைக்கூட்டின் பின்பகுதி அடித்திருக்கிறது. கையை ஒரு சென்டிமீட்டர் பின்னால் வைத்துப் பிடியுங்கள். இரட்டைக்குழல் ரைபிளில் பின்விசையை இழுக்கும்போது முன்விசை ஆட்காட்டிவிரலின் முதுகில் அடிக்கும். அதனால்தான் நல்ல இரட்டைக்குழல்களில் முன்விசையைக் கீல் வைத்து மடங்கும்படி செய்கிறார்கள்.

கட்டைவிரல் மூக்கில் இடித்தால், அதைக் கட்டையின் கழுத்தைச் சுற்றிப் போடாமல் விசைக் கையின் பக்கமாகவே நீட்டி வையுங்கள்.

முன்கட்டையைத் தாங்கும் கையில் வெட்டா? வார்ப்பட்டை மாட்டும் ஆணி முன்கட்டையின் அடியில் இருக்கிறது, உதைக்கும்போது அது பின்னால் வந்து விரலைக் கிழிக்கிறது. ஆப்பிரிக்கப் பெரிய ரைபிள்களில் அந்த வளையம் கட்டையில் இல்லாமல் குழலிலேயே ஒரு பட்டையில் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் இதுதான்.

அறிகுறி: மேசையில் தாங்கவில்லை, நின்றால் பரவாயில்லை

இது கோளாறே இல்லை. நிற்கும்போது இடுப்புக்கு மேலே முழு உடம்பும் பின்னால் ஆடி உதையை உள்வாங்கிக்கொள்கிறது. மேசையில் குனிந்தால் உடம்பு பூட்டிக்கொள்கிறது. படுத்தால் அதைவிட மோசம், பின்னால் போக இடமே இல்லை.

மேசையில் சுட வேண்டியிருந்தால் ரைபிள் தாங்கியை உயர்த்துங்கள், நேராக நிமிர்ந்து உட்கார்ந்தபடி கண் ஸ்கோப்புக்கு வர வேண்டும். தோளுக்கும் பேடுக்கும் நடுவே ஒரு சின்ன மணல் பை வைக்கலாம். சுடுதளத்தில் இதைப் பார்த்து யாராவது கிண்டல் செய்தால், அவருடைய அட்டையைப் போய்ப் பாருங்கள். தோளில் கட்டும் உதைக்கவசமும் நல்லதுதான். ஆனால் அது கட்டையின் நீளத்தைக் கூட்டும், கண்ணின் இடம் மாறும், அதைக் கழற்றினால் மறுபடி மாறும்.

ரைபிளைப் பூட்டி ஈயமூட்டை ஏற்றும் சறுக்குத் தாங்கிகள் இருக்கின்றன. தோளுக்குச் சொர்க்கம். ஆனால் எடையை அள்ளிக் குவித்தால் ரைபிள் நகர முடியாமல் மொத்த அடியையும் கட்டையும் ஸ்கோப்பும் வாங்கும், கட்டை விரிசல் விட்டவர்கள் உண்டு. கொஞ்ச எடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பெரிய ரைபிளுக்கு மேசை வேலை குறியைச் சரிபார்ப்பதற்கு மட்டும். இரட்டைக்குழல் ரைபிள்களின் இரண்டு குழலையும் ஒரே இடத்தில் விழச் செய்யும் கைவினைஞர்கள்கூட நின்றபடிதான், முழங்கையைத் தாங்குமேல் வைத்து, சுட்டுப் பார்ப்பார்கள். குறி சரியானதும் எழுந்து மூன்று குச்சித் தாங்கிக்கு மாறிவிடுங்கள். ஆப்பிரிக்காவில் சுடப்போவது அதிலிருந்துதான்.

அறிகுறி: ரைபிளே உதையைத் தாங்கவில்லை

திடீரென்று குறி மாறிக்கொண்டே போகிறது, ஃப்ளிஞ்ச் இல்லை என்று உறுதியாகத் தெரிகிறது. அப்படியானால் ஸ்கோப் வளையங்களுக்கு முன்னால் குழாயில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டு நாலு தோட்டா சுடுங்கள். கோடு நகர்ந்திருந்தால் ஸ்கோப் வழுக்குகிறது. வளையத் திருகுகளைக் கம்பெனி சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்பேனரில் முறுக்க வேண்டும்.

தோட்டாப் பெட்டியின் அடித்தகடு உதையில் திறந்து மீதித் தோட்டாக்கள் காலடியில் கொட்டினால் தாழ்ப்பாளின் வில் தளர்ந்திருக்கிறது. எருமை முன்னால் இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

பெட்டிக்குள் காத்திருக்கும் தோட்டாக்களும் ஒவ்வொரு உதையிலும் முன்சுவரில் மோதுகின்றன. ஈயமுனைக் குண்டாக இருந்தால் மூக்கு சப்பையாகும். பெரிய காலிபரில் குண்டு உறைக்குள்ளேயே பின்னால் இறங்கிவிடும், அழுத்தம் ஏறும். நீளத்தைப் புதுத் தோட்டாவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கையால் தோட்டா செய்கிறவர்கள் குண்டிலுள்ள பள்ளத்தில் உறையின் வாயை இறுக்கிவிட வேண்டும்.

கட்டையின் கழுத்துக்குப் பின்னாலோ விசைப்பெட்டிக்கு அருகிலோ மயிரிழை விரிசல் தெரிந்தால் சுடுவதை நிறுத்துங்கள். .375-க்கு மேல் மரக்கட்டைகளில் குறுக்கே ஓடும் இரும்புத் தண்டுகள் வைப்பது இந்த விரிசலைத் தடுக்கத்தான்.

நிறுத்த வேண்டிய அறிகுறிகள்

கை மரத்துப்போவது, விரல் நுனிகளில் ஊசி குத்துவது, தோளை உயர்த்த முடியாமல் போவது, கண்ணில் மின்னல் போல ஒளிக்கீற்று அல்லது மிதக்கும் கரும்புள்ளிகள், சுட்டு முடித்த மறுநாளும் காதில் இரைச்சல். இவற்றில் எது வந்தாலும் ரைபிளைப் பெட்டியில் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். கண்ணில் ஒளிக்கீற்று என்றால் அன்றைக்கே.

பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கத் தோளில் ரைபிளை வைக்கவே கூடாது. உதையில் அதன் கம்பி உடைந்துபோனதாக மருத்துவப் பதிவுகள் உண்டு. புதிதாக வைக்கப்போகிறவர்கள், எந்தத் தோளில் சுடுவீர்கள் என்று அறுவைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் எதிர்ப்பக்கம் வைக்க முடியும்.

இதெல்லாம் பார்த்தும் உதை அதிகமாக இருந்தால்

இப்போதுதான் செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

மிக மலிவான வழி தோட்டாவை மாற்றுவது. ஹார்னடி கஸ்டம் லைட், ரெமிங்டன் மேனேஜ்டு ரீகாயில் போன்றவை உதை குறைந்த தயாரிப்புகள், மான் தூரத்துக்குப் போதும். கையால் செய்பவர்களுக்கு ஹாட்ஜ்டன் எச்4895 மருந்து இருக்கிறது. உச்ச அளவின் 60 சதவீதத்துக்குக் கீழே போகாமல் குறைக்கலாம் என்று கம்பெனியே சொல்கிறது. வேறு மெதுவான மருந்துகளில் இப்படி இஷ்டத்துக்குக் குறைப்பது ஆபத்து. செம்புக் குண்டுக்கு மாறினால் எடை குறைந்த குண்டே ஆழமாக இறங்கும், உதையும் குறையும்.

குழல் முனையில் மாட்டும் மசில் பிரேக் உதையை மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறைக்கும். உண்மை. ஆனால் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பித்தான் அதைச் செய்கிறது. சத்தம் உங்கள் காதுக்கும் பக்கத்தில் நிற்பவர் காதுக்கும் பல மடங்கு ஏறும். ஆப்பிரிக்காவில் உங்களோடு வரும் வழிகாட்டியும் தடம் பார்ப்பவரும் காதடைப்பு இல்லாமல் குழல் முனைக்கு அருகில்தான் நிற்பார்கள். அதனால் பிரேக் மாட்டிய ரைபிளைப் பல வழிகாட்டிகள் விரும்புவதில்லை. சிலர் கழற்றிவிட்டு வா என்பார்கள். சத்தத்தால் ஃப்ளிஞ்ச் வந்தவர் பிரேக் மாட்டினால் ஒரு வியாதிக்கு வேறு வியாதியை வாங்கியது போலத்தான்.

சைலன்ஸர் அதைவிட நல்லது என்பேன். உதையும் குறையும், சத்தமும் குறையும், முனையில் ஏறும் எடையும் கைகொடுக்கும். பின்லாந்து, நார்வே, நியூசிலாந்து வேட்டைக்காரர்களிடம் இது சர்வசாதாரணம். அமெரிக்காவில் 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி 200 டாலர் வரி கட்ட வேண்டியிருந்தது. 2026 ஜனவரி முதல் வரி இல்லை, பதிவு மட்டும் இருக்கிறது. சில மாநிலங்களில் வைத்திருக்கவே தடை, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை கூட்டுவதும் வழிதான். 3 கிலோ ரைபிளை 4.5 கிலோ ஆக்கினால் உதை மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மலையேறும்போது அந்த ஒன்றரைக் கிலோவை யார் சுமப்பது என்பது உங்கள் முழங்கால் முடிவு செய்ய வேண்டியது.

அல்லது ரைபிளை விற்றுவிட்டுச் சின்னது வாங்குங்கள். கொலராடோ சட்டம் எல்க் மானுக்குக் கேட்பது .24 அங்குலக் குழல் விட்டமும் 85 கிரெயின் எடைக் குண்டும் தேவையான ஆற்றலும்தான். மேக்னம் வேண்டும் என்று எங்கும் எழுதவில்லை. ஸ்வீடனில் 6.5×55-ஐ வைத்துக்கொண்டு மூஸ் வேட்டையாடுகிறார்கள், மூஸ் எல்க்கைவிடப் பெரியது. ஜிம் கார்பெட்டின் புகழ்பெற்ற .275 ரிக்பியும் உதையில் சாதுவான ரைபிள்தான். பல ஆப்பிரிக்க நாடுகளில் ஆபத்தான விலங்குகளுக்கு .375-க்குக் குறையக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. அங்கே போகாதவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 6.5 கிரீட்மோரில் நெஞ்சில் விழுந்த குண்டு, .300 மேக்னத்தில் குடலில் விழுந்ததைவிட எல்லா வகையிலும் நல்லது.

எதை மாற்றினாலும், பேட், பிரேக், சைலன்ஸர், தோட்டா எதுவானாலும் சரி, குண்டு விழும் இடம் மாறும். பிரேக்கைச் சுடுதளத்தில் மாட்டிக் குறிபார்த்துவிட்டு, வேட்டையன்று காலையில் கழற்றிப் போவது மிக மோசம். என்ன மாட்டிச் சுடப்போகிறீர்களோ அதோடே, போடப்போகும் கோட்டோடே, 100 மீட்டரில் மூன்று தோட்டா போட்டுப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.